நஞ்சம்மா வீட்டுப் புகையில்லா அடுப்பு

மண்டி மொஹல்லா, மைசூர்
6-9-1953, ஞாயிறு

மதிப்பிற்குரிய மைத்துனர் வால்டர் அவர்களுக்கு, ரிட்டயர்டு வாத்தியார் இஸ்ரவேல் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் தங்கை மோலி மட்டும் என்னோடு பேசுவதில்லை.

விஷயம் என்னவென்றால், ஏழை வீடுகளில் இருமல் ஒழியட்டும் என்று மரத்தூள் போட்டு எரிக்கிற புகையில்லா அடுப்பை நான் டின்னில் செய்ததும், நீங்கள் டைப்பிஸ்டாக இருக்கும் பெங்களூர் வறுமை ஒழிப்புக் கமிட்டிக்கு எழுதிப்போட்டதும் உங்களுக்குத் தெரியும். முதல் அடுப்பைப் பின்தெரு நஞ்சம்மாவுக்குக் கொடுத்தேன். புருஷன் இல்லாதவள், நாலு பிள்ளைக்காரி. அடுப்பு சொன்னபடி புகையவில்லை, அதுதான் வினையாகப் போயிற்று. அந்தத் தெருவில் கூரை ஓட்டிடுக்கில் புகை வராவிட்டால் அந்த வீட்டில் உலை ஏறவில்லை என்று அர்த்தம். மூன்றாம் நாளே எதிர்வீட்டுக் கமலம்மாள் சாம்பார்ச் சட்டியோடு வந்துவிட்டாள், சித்தையன் வீட்டிலிருந்து ராகிக் களி, கரியப்பன் வீட்டிலிருந்து ஞாயிறு தவறாமல் கோழி. "அடுப்பு எரியுதுன்னு சொல்றதுக்கென்னம்மா?" என்று நஞ்சம்மாவைக் கேட்டால், "வேண்டாம்னா மனசுக்குப் பேஜாரு பண்ணிக்குவாங்க சாமி" என்கிறாள். அடுப்பு இப்போது பூனை படுக்கத்தான் ஆகிறது.

போன வாரம் கமிட்டித் துரை சோதிக்க வந்தார், நான்தான் மொழிபெயர்த்தேன். அடுப்பு வருமுன் எத்தனை வேளைச் சாப்பாடு? "ஒரு வேளை சாமி." இப்போது? "மூணு வேளை. ஞாயித்துக்கிழமை கோழி." துரைக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் எந்த அடுப்பும் இப்படிச் செய்ததில்லையாம். வருகிற வெள்ளிக்கிழமை நிதி சாங்ஷன், தெருவுக்கே நூறு அடுப்பு, பிறகு தேசம் முழுக்க என்கிறார். கேட்டதை மொழிபெயர்த்தேன், கேட்காததை விட்டுவிட்டேன். மச்சான், நூறு வீட்டிலும் புகை நின்றால் என்ன ஆகும்? எல்லோரும் எதிர்வீட்டைப் பார்த்து ஐயோ பாவம் என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் முட்டிக்கொள்வார்கள். அல்லது குட்டு உடைந்து, நஞ்சம்மா பிள்ளைகள் பழையபடி ஒரு வேளைக்குத் திரும்பும். துரை நூறாகச் செய்ய வேண்டியது கமலம்மாளை. அவளை எந்தப் பட்டறையில் அடிப்பது?

உண்மையை எழுதும்வரை அடுப்பு மூட்ட மாட்டேன் என்று மோலி வியாழக்கிழமையே சமையலறையைப் பூட்டிவிட்டாள். ஆகவே என் வாக்குமூலத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கு முன் துரை மேஜையில் சேர்த்துவிடவும். என் மானம் போனால் போகட்டும். உங்களையும் உங்கள் மனைவியையும் குழந்தைகளையும் ஆண்டவர் குறையில்லாமல் காப்பாராக.

இப்படிக்கு, காலிவயிற்றோடு,
இஸ்ரவேல்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் நஞ்சம்மா. "மூணு நாளா உங்க வீட்ல புகையே வரலியே சாமி" என்று கரியப்பன் வீட்டுக் கோழியில் பாதியைக் கொண்டுவந்திருக்கிறாள். வேண்டாமென்றால் பேஜார் பண்ணிக்கொள்வாளே என்று வாங்கிக்கொண்டோம். மோலியும் வாய் திறந்தாள், முதலில் கோழிக்கு, பிறகு என்னிடம்: "அந்தக் காயிதத்த சனிக்கிழமை அனுப்பிக்கலாம்." வாக்குமூலத்தை எடுத்துவிட்டேன். மேலே உள்ளதை நீங்கள் படிக்கவில்லை.