நெல் மில்லில் பழகிய ஆங்கிலம்

வீட்டில் மிக்ஸி ஓடினால் எனக்கு ஆங்கிலம் வருகிறது. மிக்ஸி நின்றால் போய்விடுகிறது. (ஒரு டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார், அதோடு விட்டுவிட்டேன்.)

தேங்காய் அரைபடும் அந்த இரைச்சலுக்குள் உத்திரமேரூர் நெல் மில் எழுந்து நிற்கும். அவித்த நெல்லின் ஆவி, தூசி மிதக்கும் வெயில், அதன் நடுவே தலையெல்லாம் தவிடாக ஒரு கழுதை. நான்தான்.

அப்பா அந்த மில்லில் நெல் கொட்டியவர். உமித்தூசி அவர் நெஞ்சில் குடியேறி, பேச்சையெல்லாம் இருமலாக்கிவிட்டது. அவர் படுத்ததும் அதே இடத்தில் என்னை நிறுத்தினார்கள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும் என்று செய்தி வந்தபோது, அது எனக்கு வேலையாகத் தெரியவில்லை. காற்றாகத் தெரிந்தது.

கூட்டாளி நசீர். மில்லுக்கு எதிரே பிஸ்கட் கடை வைத்திருந்தவரின் மகன். இருவரும் முதலில் ஏரிக்கரையில்தான் ஆங்கிலம் பேசிப் பழகினோம். மாடு கழுவிக்கொண்டிருந்த ஒருவர், "இன்னா தொர, இந்த மாட்டுக்கும் ரெண்டு வார்த்த சொல்லிக் குடேன், சும்மாதான கீது" என்றார். அன்றோடு ஏரிக்கரை முடிந்தது. கேலிக்குப் பயந்து மில்லுக்குள் ஒளிந்தோம். மெஷின் ஓடும்போது நாங்கள் உளறுவது ஊருக்குக் கேட்காது. எங்களுக்கே கேட்காது. ஆகவே கத்தினோம்.

"த பேக் ஈஸ் ஆன் த லாரி!"

"காதுல வுயல, கத்துடா!"

"த டாக் ஈஸ் அண்டர் த லாரி!"

தமிழில் சொல்லின் வாலாகப் பின்னால் வரும் 'மேல்', 'கீழ்', ஆங்கிலத்தில் ஏன் ஆன், அண்டர் என்று முன்னால் நடக்கிறது என்று புரியாமலே தொண்டை கிழியக் கற்றோம். எல்லா வாக்கியங்களும் புத்தகத்தில் இருந்து எடுத்தவை. ஒன்றே ஒன்று மட்டும் நானே செய்தது: "ஐ ஸ்டாண்ட் பிட்வீன் மை ஃபாதர்ஸ் காஃப் அண்ட் மை ஓன் பிரெத்." அப்பாவின் இருமலுக்கும் என் மூச்சுக்கும் நடுவே நிற்கிறேன். என் வாழ்க்கையையே ஒரு வரியில் மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

இன்டர்வியூ அறையில் மூன்று பேர். ஏசியின் மூச்சைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. நடுவில் இருந்த அம்மா என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்.

"மை நேட்டிவ் பிளேஸ் ஈஸ் நியர் காஞ்சிபுரம்!"

ஒருவர் கையிலிருந்த பேனா விழுந்தது. வாட்ச்மேன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இன்னொருவர் தமிழிலேயே சொன்னார்: "காஞ்சிபுரத்துக்கே கேட்டிருக்கும் தம்பி. கொஞ்சம் மெதுவா."

குரலைக் குறைத்தேன். ஆங்கிலமும் கூடவே இறங்கிப் போய்விட்டது. ஆன், இன், அண்டர் எதுவும் இல்லை. மெஷின் இல்லாத அந்த அமைதியில் நான் வெறும் வாயைத் திறந்து மூடும் ஏரி மீன். கடைசியில், போனால் போகட்டும் என்று, என் சொந்த வாக்கியத்தை முழுச் சத்தத்தில் எறிந்தேன். அந்த அம்மா காதைப் பொத்திக்கொண்டு, "தேங்க் யூ" என்றார்.

வெளியே வரிசையில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அடுத்தது நசீர்.

திரும்பும் பஸ்ஸில் அவனே சொன்னான்: "நீ கத்தனது வெளிய ஃபுல்லா கேட்டுச்சிடா. அதான் நான் மெதுவா பேசினேன். அந்த இருமல் வாக்கியம் சொன்னேன் பாரு, அந்தம்மா கண்ணுல தண்ணி!"

அவன் அப்பா அதுவரை ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை.

வேலை அவனுக்குக் கிடைத்தது. எனக்கு மில் கிடைத்தது, இன்னும் ஒன்பது வருடத்துக்கு. இருமல் தனியாக வந்து சேர்ந்தது. இன்றும் போனில் யாராவது ஆங்கிலத்தில் பேசினால், நான் பதிலுக்குக் கத்துமுன் என் மகள் ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்துகிறாள். "அம்மா, மில்லு ஓட ஆரம்பிச்சிடுச்சி!" வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், இருமலுக்கு நடுவே.

நசீர் ஊரைவிட்டுப் போன காலை, வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவர் இன்ஜினை உறுமவிட்டிருந்தார். ஜன்னலோரம் புதுச் சட்டையில் அவன். கிட்டப் போய், வாழ்க்கையிலேயே முதல்முறையாக மெதுவாகப் பேசினேன்.

"அது என் வாக்கியம்டா."

அவன் காதில் கையைக் குவித்தான். பஸ் நகர்ந்தது.

"இன்னாடா சொல்ற? காதுல வுயல. கத்துடா!"