இடது அடிவயிறு நீங்கலாக எல்லோரும் சுகம்

மட்டக்களப்பு,
2009 ஓகஸ்ட் 14.

அன்பின் தங்கச்சி லொறெய்னுக்கு,

மாதாவின் கருணையால் நானும் உன் மச்சாள் புளோறன்சும், என் இடது அடிவயிறு நீங்கலாக, நல்ல சுகம். மெல்பேர்னில் நீங்கள் முழுச் சுகமாயிருக்க வேண்டுகிறேன். “அண்ணன், அந்த வலி உன்ட நினைப்புத்தான்” என்று எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில்.

2004 ஒக்டோபரில் எனக்கு ஹேர்னியா ஒப்பரேசன் நடந்தது உனக்குத் தெரியும். தையல் ஆறியது, வலி ஆறவில்லை. தழும்பில் ஒரு விரல் நுனியளவு இடம், தொட்டால் கரண்ட் அடிக்கும். டொக்டரிடம் போகுமுன் சுனாமி வந்து டச்பார்க் கடற்கரையில் இருந்த நம் வீட்டையும் என் தச்சுச் சாமான்களையும் கொண்டுபோனது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களோடு முகாமில் இருந்துகொண்டு வயிற்றுவலி என்று முனக எனக்கே வெட்கம். மனஆறுதல் சொல்ல வந்த பிள்ளை தாளும் பென்சிலும் தந்தாள்.

“அங்கிள், அலையக் கீறுங்க.”

“வயிறு நோகுது புள்ள.”

“ஓம், அதுதான் அலை.”

“ஒப்பரேசன் அலைக்கு ரெண்டு மாசம் முந்தி!”

“மனசுக்க மறைக்காதீங்க அங்கிள்.”

பிறகு ஒரு டொக்டர் வாய்வு என்றார், இன்னொருவர் கிட்னியில் கல் என்றார். ஸ்கேனில் கல் இல்லாததற்கு என்மேல் கோபப்பட்டார். ஒருநாள் சோதனைச் சாவடியில் வயிற்றைப் பிடித்தபடி குனிந்து நடந்தேன். ஆமிக்காரன் துவக்கை நீட்டினான். சேர்ட்டை உயர்த்தித் தழும்பைக் காட்டினேன். என் வயிற்றை அக்கறையாகப் பார்த்த முதல் ஆள் அவன்தான். இந்த மே மாதம் சண்டை முடிந்தது. “நாட்டுக்கே முடிஞ்சிட்டு, உங்களுக்கு மட்டும் முடியல்லியா?” என்றாள் புளோறன்ஸ்.

போன மாதம் முத்தலிப் என்ற இளம் டொக்டர் அந்த இடத்தை ஒற்றை விரலால் அழுத்தி, “தலையத் தூக்குங்க” என்றார். தூக்கினேன், கத்தினேன். “குடல்ல பிழையில்ல அங்கிள். தழும்புக்க நரம்பொண்டு சிக்கியிருக்கு” என்று அங்கேயே ஊசி போட்டார். ஐந்து நிமிடத்தில் ஐந்து வருட வலி போயிற்று. புளோறன்சைக் கூப்பிட்டு, அவள் காதுபட டொக்டரை இன்னொருதரம் சொல்லச் சொன்னேன். “அப்ப நீங்க பொய் சொல்லல்ல” என்று அவள் அழுதாள்.

பத்தாம் நாள் வலி திரும்பிவிட்டது. மறுபடி வெட்டி நரம்பை எடுக்கலாம் என்கிறார். கத்தி பட்டதால் வந்த வலிக்குக் கத்தியே மருந்தா? செத்தாலும் சம்மதியேன் என்று சொல்லிவிட்டேன். ஆண்டவர் உங்களைக் காப்பாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அன்புள்ள அண்ணன்,
ஐவன்

பி.கு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை ஒரு தும்மல் வந்தது. ஒப்பரேசனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். புதன்கிழமை வெட்டு.