கதவுக்கு வெளியே உட்கார்ந்த கண்டக்டர்

விழுப்புரம்,
வியாழக்கிழமை.

அன்பு மச்சான் பூவரசனுக்கு,

அத்தான் வேங்கடேசன் எழுதுவது. சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி ஆகிய அனைத்துடனும் நான் இங்கு நலம். திண்டிவனத்தில் நீயும், தங்கச்சி கவிதாவும், புதிதாக வாங்கிய கறவை மாடும் நலமாயிருக்க மயிலம் முருகன் பார்த்துக்கொள்ளட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், தெருவே கேட்கும். இது தெரு கேட்க வேண்டிய சங்கதி இல்லை.

உன் அக்கா ஜெயத்தின் காரியம் முடிந்து புனேவுக்கு வேலைக்குத் திரும்பிய என் மகள் கலைப்பிரியா, அதன் பிறகு இந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. பொங்கலுக்கும் லீவு இல்லை என்றாள். ‘நீ தாய்மாமன், போய் அதட்டி அழைத்து வா’ என்று போன மாதம் உன்னிடம் கேட்டிருந்தேன். அதை இப்போது வாபஸ் வாங்குகிறேன். அவளிடம் நீ ஒரு வார்த்தையும் கேட்காதே. காரணத்தைச் சொல்கிறேன், மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து நிதானமாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அவளும் அவளுடைய சிநேகிதர்களும் கம்ப்யூட்டரில் ஒரு கதை ஆட்டம் ஆடுகிறார்கள். ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டே ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்ததுபோல் ஆடுவதற்கு ஒரு சாஃப்ட்வேர். திரையில் கட்டம் போட்ட ஒரு வரைபடம், அதில் ஆளுக்கொரு வட்ட வில்லை, அதற்கு டோக்கன் என்று பெயர். கலைப்பிரியாதான் கதையை நடத்துகிறவள். ராஜாவும் அவளே, திருடனும் அவளே, எல்லோருக்கும் அவள்தான் குரல். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் போய் நாங்கள் இதைச் செய்கிறோம், அதைச் செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகம் உள்ள பகடை தீர்மானிக்கும், அதையும் மவுஸால் அமுக்கித்தான் உருட்ட வேண்டும். ஆட ஒரு ஆள் குறைகிறது என்று என்னைக் கேட்டாள். எங்களுக்குள் ‘சாப்டியா’, ‘ம்’, ‘மாத்திரை போட்டீங்களா’, ‘ம்’ என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போய்விட்ட நேரம் அது. ஒத்துக்கொண்டேன்.

முதல் வாரம் மைக் திறந்திருப்பது தெரியாமல் பால்காரனிடம் நான் போட்ட சண்டையை எல்லோரும் கேட்டார்கள். பிறகு டோக்கனை நகர்த்துகிறேன் என்று ஏரிக்கு நடுவில் கொண்டுபோய் விட்டேன். பெங்களூரிலிருந்து ஆடும் அஸ்வினி என்ற பெண்தான் கயிறு போட்டு இழுத்தாள். எனக்குக் கொடுத்தது வாள் வீரன் வேஷம். வாளை உருவவே எனக்கு வாய்க்கவில்லை. பாலத்தை மறித்துக்கொண்டு ஒரு பூதம் நின்றது. கண்டமங்கலத்துப் பையன் சகாயராஜ் கோடரியை ஓங்கிவிட்டான். எனக்கோ விழுப்புரம்–திண்டிவனம் ரூட்டில் முப்பது வருஷம் கண்டக்டராக நின்ற வாய். “எங்கப்பா எறங்கணும் நீ? வழியில நின்னுக்கினு இருந்தா எப்படி? உள்ள தள்ளிப் போ” என்றேன். பகடையும் நல்லபடி விழ, பூதம் ஒதுங்கிவிட்டது. கலைப்பிரியா சிரித்தாள், மச்சான். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

போன ஞாயிறு கதை ஒரு மலையடிவாரத்து ஊருக்கு வந்தது. அங்கே பூட்டிய வீடு ஒன்று. அம்மா செத்துப்போனதிலிருந்து வெளியே வராத ஒரு பெண் உள்ளே இருக்கிறாள், எங்களுக்கு வேண்டிய சாவி அவளிடம் இருக்கிறது என்று கலைப்பிரியா சொன்னாள். கதவை உடைக்கலாம் என்றான் சகாயராஜ். கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு, நான் என் டோக்கனைக் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்தி, வாசலில் உட்காருகிறேன் என்றேன். ஏன்மா வெளியே வர மாட்டேங்கிறே என்று கேட்டேன். உள்ளே இருக்கும் பெண்ணின் குரலில்தான் பதில் வந்தது.

“நான் அந்த வீட்டுக்குப் போனா அம்மா இல்லன்னு ஆயிடும். போகாத வரைக்கும் சமையல்ரூம்ல இருக்காங்க.”

கதையில் அந்தப் பெண் வீட்டுக்குள்ளேதான் இருந்தாள், மச்சான். எந்த வீட்டுக்குப் போக வேண்டும்? யாரும் கேட்கவில்லை. நான் இத்தனை நாளாக, புனேவில் இவள் யாரையோ பார்த்து வைத்திருக்கிறாளோ, என் மேல் கோபமோ என்று உன்னிடம் என்னென்னவோ புலம்பியிருக்கிறேன்.

“எனக்கும் அப்படித்தாம்மா. நான் அந்த ரூம் பக்கமே போறதில்ல. சமைக்கிறேன்னு உங்கிட்ட சொன்னது பொய்யி. ஓட்டல்லதான் சாப்புடுறேன்” என்றேன்.

அஸ்வினி தன் கேமராவை அணைத்துவிட்டாள். தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று போன சகாயராஜ் திரும்பவே இல்லை. கலைப்பிரியா, பகடையை உருட்டுங்கப்பா என்றாள். உருட்டினேன். ஒன்று. அதற்குக் கீழே எண்ணே கிடையாதாம். கதவு திறக்காது என்று ஆட்ட விதியைச் சொன்னாள்.

“தொறக்கும்போது தொறக்கட்டும். நான் இங்கதான் ஒக்காந்துக்கினு இருக்கேன்” என்றேன். ஆட்டம் அதோடு நின்றது. இப்போதும் சாஃப்ட்வேரைத் திறந்தால் என் டோக்கன் அந்த வாசலில்தான் இருக்கிறது.

ஆகையால் அவளை யாரும் வற்புறுத்த வேண்டாம். இந்த வீட்டில் தனியாக இருக்க எனக்கும் தெம்பில்லை. அடுத்த வாரமே பூட்டிவிட்டு உன்னோடு வந்து இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். மாடி போர்ஷனை ஒழித்து வை. இந்த முடிவில் மாற்றமில்லை.

தங்கச்சி கவிதாவுக்கு என் அன்பைச் சொல். உன் வீட்டில் நெல்லும் மல்லாட்டைக் கடலையும் நிறைந்து, எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்,
வேங்கடேசன்.

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கலைப்பிரியா. லீவு போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்திருக்கிறாள். பையைக் கூடத்தில் போட்டுவிட்டு நேராகச் சமையல்ரூமுக்குள் போனாள், பின்னாலேயே நானும் போனேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நின்று அழுதோம். அப்புறம் காப்பி போடலாம் என்றாள். வடிகட்டியைக் காணோம். எல்லா டப்பாவையும் இறக்கித் தேடிக்கொண்டிருக்கிறோம். மாடி போர்ஷன் வேண்டாம், வாடகைக்கு விட்டுவிடு. கடிதத்தைத் திண்டிவனம் பஸ்ஸில் நம்ம கண்டக்டர் மாரியப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் அக்கா வடிகட்டியை எங்கே வைப்பாள் என்று உனக்குத் தெரிந்தால், படித்த உடனே போன் செய். ஸ்பீக்கரில் போட்டாலும் பரவாயில்லை.