மைனஸ் பதினொன்று

துணி துவைக்கும் இயந்திரம் பிழிகிற வேலையை மட்டும் நிறுத்திக்கொண்டுவிட்டதால், ஞாயிற்றுக்கிழமைகளில் போர்வையைக் கையால்தான் பிழிந்தாக வேண்டியிருக்கிறது. ஒரு முனையை அம்மா முறுக்குகிறாள். மறுமுனையை மகள் இடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தண்ணீர் வாளிக்குள் கொட்டுகிறது. கதவில் சாய்ந்தபடி, கையில் தேநீரோடு, குடும்பத் தலைவர் நின்று பார்க்கிறார்.

"முறுக்குறது பூரா உங்கம்மா. நீ சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிற" என்கிறார் மகளிடம்.

"அவ விட்டுட்டா நான் எதை முறுக்குறது?" என்கிறாள் மனைவி.

"அது வேற. நான் பங்களிப்பைச் சொல்றேன்."

வாசகரே, நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இவர்தான் பங்களப்பார். நாலு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தால் அதில் யார் பங்கு எவ்வளவு என்று அளந்து சொல்வதற்காகவே பிறந்த இனம். அந்த நாலு பேரில் அவர் இருக்கமாட்டார். மைத்துனர் வீடு மாற்றியபோது மூன்று பேர் இரும்பு பீரோவை மாடிப்படியில் இறக்கிக்கொண்டிருக்க, கீழே நின்று "மேல இருக்கறவர் பாரம் தாங்கலே, தொட்டுக்கிட்டுத்தான் வர்றார்" என்று அறிவித்தவர் இவர். மேலே இருந்தவர் கோபித்துக்கொண்டு கையை எடுத்தார். பீரோ என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அந்தக் கைப்பிடிச் சுவரை இன்னும் பூசி முடிக்கவில்லை. "நான் சொன்னது தப்புன்னு இப்ப நிரூபணம் ஆயிடுச்சு. ஆனா நிரூபணம் ஆனது நல்லதுதானே?" என்று அன்று மாலையே சமாதானம் சொன்னார்.

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இருப்புக் கணக்குப் பிரிவில் இருக்கும் இந்த மனிதர் வாழ்நாளில் ஒரு கூடைப்பந்தைக் கையால் தொட்டதில்லை. மகள் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கேயே பெண்கள் அணியில் ஆடுகிறாள். ஊரிலுள்ள அலுவலகங்களும் ஆலைகளும் தங்களுக்குள் வருடா வருடம் நடத்தும் போட்டி அது. மகள் ஆடுவதைப் பார்க்கத்தான் முதலில் போனார். பாவம், ஒரே ஒரு நாள் பார்த்தார். மறுவாரமே லேப்டாப்போடு போனார். அதற்குப் பிறகு அவர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. யார் உள்ளே இறங்கினார்கள், யார் வெளியே வந்தார்கள், அந்த நேரத்தில் நம் புள்ளி எவ்வளவு, அவர்கள் புள்ளி எவ்வளவு என்று கட்டங்களில் தட்டவே அவருக்குப் பொழுது சரியாக இருந்தது. கூட்டம் எழுந்து நின்று கத்தும்போது அவர் மட்டும் தலையைத் தூக்காமல் பக்கத்திலிருப்பவரிடம், "ரெண்டா, மூணா?" என்று கேட்பார்.

கண்ணால் பார்த்துப் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "மருந்தகத்துப் பொண்ணு என்னமா ஆடுறா" என்று மகளோடு அதே அணியில் ஆடுகிறவளைப் பற்றி யாராவது வாயைத் திறந்துவிட்டால் போச்சு. ஆடுவது வேறு, ஜெயிக்க வைப்பது வேறு என்று ஆரம்பித்து, ஒருத்தி களத்தில் இருக்கும்போது அணி எவ்வளவு முன்னேறுகிறது, வெளியே உட்காரும்போது எவ்வளவு சரிகிறது, அதைப் பந்து கைக்கு வந்த தடவைகளால் வகுத்து, வந்ததை வெற்றிகளாக மாற்றி, கேட்டவர் எதற்காகக் கேட்டோம் என்பதையே மறந்து கடிகாரத்தைப் பார்க்கும்வரை விடமாட்டார்.

"இந்த சீசன்ல மருந்தகத்துப் பொண்ணால மட்டும் நமக்கு மூணே கால் வெற்றி" என்றார் ஒருநாள் சாப்பிடும்போது.

"அந்தக் கால் வெற்றி எந்த மேட்ச்ல வந்துச்சு?" என்றாள் மனைவி.

"உனக்குப் புரியாது."

"புரியலேன்னுதான் கேக்குறேன்."

இந்த இடத்தில் பங்களப்பார் சோற்றைப் பிசைவதில் மும்முரமாகிவிடுவார். அது இனத்தின் இன்னொரு அடையாளம்.

சரி, மகளுக்கு எவ்வளவு என்று கேட்கிறீர்களா? அவளுக்கு வந்தது மைனஸ் பதினொன்று. அவள் களத்தில் இருக்கும் நேரத்தில் அணி சராசரியாகப் பதினோரு புள்ளி பின்தங்குகிறது. அணியிலேயே கடைசி.

அவள் என்ன செய்கிறாள் என்பதை அவளே ஒருநாள் துணி உலர்த்தும்போது அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரணிகளில் எல்லோரும் பயப்படுவது மின்வாரிய அணியின் நெட்டைப் பெண்ணுக்கு. அவள் இறங்கினால், அணிக்குப் பயிற்சி தரும் மாஸ்டர் உடனே மகளை இறக்குவார். அவள் உட்கார்ந்தால் மகளையும் உட்கார வைப்பார். "அவ இடது கைக்காரிம்மா. வலது பக்கம் போற மாதிரி தோளைக் காட்டுவா, நம்பக் கூடாது. நான் நகராம நின்னா அவளுக்கு எரிச்சல் வரும். எரிச்சல் வந்தா தூரத்துலேருந்து வீசுவா. அது விழாது." ஒவ்வொரு அணியிலும் இப்படி ஒருத்தி இருப்பாள், ஒவ்வொருத்திக்கும் எதிரில் இவள்தான் நிற்பாள். அந்த நேரங்களில் எந்த அணியும் கொஞ்சம் பின்தங்கத்தான் செய்யும். இவள் நிற்பதால் கொஞ்சத்தோடு நிற்கிறது. அவ்வளவுதான் விஷயம். அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார். கட்டங்களுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்.

இறுதிப் போட்டி அதே மின்வாரியத்தோடு. மகளுக்கு மூட்டு தேய ஆரம்பித்துவிட்டது. இந்த வருடத்தோடு போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே அது அவளுடைய கடைசி மேட்ச். காலுறையைக்கூடப் புதிதாக வாங்கி வைத்திருந்தாள்.

பங்களப்பாருக்கு நேர்மை ஒன்று உண்டு. அதுதான் ஆபத்து. சாதாரண அப்பாக்கள் மகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மாஸ்டரிடம் கெஞ்சுவார்கள். இவர் மகளை உட்கார வைக்கச் சொல்லி வரைபடத்தோடு போனார். மாஸ்டர் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்ப்பவர். படமாக எது வந்தாலும் நம்பிப் பழகியவர். பச்சைப் பட்டைகளுக்குக் கீழே தனியாகச் சிவப்பாக நின்ற ஒற்றைப் பட்டையை எலும்பு முறிவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சார், இது உங்க பொண்ணு."

"நம்பருக்குப் பொண்ணு, பிள்ளை கிடையாது, மாஸ்டர்."

"நல்லாத்தான தடுக்கிறா?"

"அப்படி உங்களுக்குத் தோணுது."

தனக்கு அப்படித் தோன்றியதற்கு மாஸ்டர் வெட்கப்பட்டார். வெட்கப்பட்டவன் எதிர்த்துப் பேசுவானா? இறுதிப் போட்டியில் மகள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நெட்டைக்கு எதிரில் மூணே கால் வெற்றி மருந்தகத்துப் பெண் நிறுத்தப்பட்டாள். நெட்டை தோளைக் காட்டினாள், மருந்தகம் நம்பியது. மறுபடி காட்டினாள்; மறுபடி நம்பியது. பாதி ஆட்டத்துக்குள் மருந்தகத்துப் பெண் இழுத்துப் பிடித்து, தள்ளி, ஐந்து பௌலும் வாங்கி, விதிப்படி வெளியேற்றப்பட்டு, மகள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். மகள் துண்டை அவளுக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகும் மாஸ்டர் மகளை இறக்கவில்லை. அணி எத்தனை புள்ளியில் தோற்றது என்பதை நான் சொல்லப்போவதில்லை. அப்பாவைக் கேட்டால் சொல்வார்.

வீட்டில் மனைவி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை, கணக்கில் இருந்தார். மூன்றாவது நாள் ஞாயிறு. மறுபடி போர்வை. மனைவி வெளியே கொடியைத் துடைக்கப் போயிருக்க, மகள் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றாள். அவர் முகம் மலர்ந்து உள்ளே வந்தார்.

"கண்ணு, உன் நம்பர் மாறிடுச்சு."

அவள் போர்வை முனையைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டாள்.

"இத்தனை நாளா நீ இல்லாம அந்த நெட்டை நம்மகிட்ட ஆடினதே கிடையாது. அதனால ஒப்பிட்டுப் பாக்க வழியே இல்லாம இருந்துச்சு. பைனல்லதான் நீ இல்லாம அவ ஆடினா. இப்ப எதிர்ல ஆடுறது யாருங்கறதையும் சேர்த்துப் போட்டுப் பாத்தேன். டீம்லயே நீதான் முதல். மருந்தகத்துப் பொண்ணைவிட மேல. ஒரு விதத்துல நீ உக்காந்தது நல்லதாப் போச்சு. உக்காரலேன்னா உன் மதிப்பே தெரிஞ்சிருக்காது."

"அப்பா, எல்லா மேட்சுக்கும் வந்தீங்கல்ல?"

"ஒண்ணு விடலையே."

"நெட்டை எந்தக் கைக்காரி?"

பங்களப்பார் கண்ணை மூடிக்கொண்டு கட்டம் கட்டமாகத் தேடினார். இறங்கிய நேரம் இருந்தது. ஏறிய நேரம் இருந்தது. கை இல்லை.

"அதுக்கு நான் தனிக் கட்டமே போடலையேம்மா" என்றார். அவர் குரலில் இருந்தது வருத்தம் இல்லை, ஆர்வம். "போட்டிருக்கணும். எந்தக் கை?"

இங்கே நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் மேலே திரும்பிப் பார்க்காமல் ஒன்று சொல்லுங்கள். அவள் எந்தக் கைக்காரி என்று நானும்தான் முன்பே எழுதினேன், உங்களுக்கு நினைவிருக்கிறதா? மைனஸ் பதினொன்று மட்டும்தான் நினைவிருக்கிறது என்றால், வரும் ஞாயிறு உங்கள் வீட்டில் யாராவது போர்வை பிழியும்போது கதவில் சாய்ந்து நிற்பது யார் என்று கொஞ்சம் கவனியுங்கள்.

"சொல்லேன்மா. சேர்த்துடறேன். இடதா, வலதா?"

மகள் தன் கையிலிருந்த முனையை அவர் கையில் கொடுத்தாள். மறுமுனை வாளியில் கிடந்தது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, மூட்டு வலிக்காமல் படியில் மெதுவாகக் காலை வைத்து, அறையைவிட்டு வெளியே போனாள்.