எண்பத்து மூன்று வேட்பாளர்களும் ஒரு கதவும்

பாட்டில் மூடி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் பெண்கள் கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் கழன்று விழுந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு நாளைக்கு நான்கு லட்சம் மூடி செய்து ஊர் உலகத்துப் பாட்டிலையெல்லாம் மூடுகிற இடத்தில், ஒரே ஒரு கதவை மூட வழியில்லையா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். வழி இருந்தது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். இந்த ஏற்பாட்டை நிர்வாகம் தன் ஆண்டறிக்கையில் 'ஊழியர்களிடையே நிலவும் முன்மாதிரியான பரஸ்பர ஒத்துழைப்பு' என்று பாராட்டியும் இருந்தது.

கதவு பிடிப்பதில் கைதேர்ந்தவள் கோணலக்கா. மூடிகள் வரிசையாக ஓடி வரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோணலாக வந்ததைப் பொறுக்கி வீசுவது அவள் வேலை. பதினேழு வருடமாக "கோணல், கோணல்" என்று சொல்லிச் சொல்லிப் பெயரே அப்படி ஆகிவிட்டது. வீட்டில் புருஷன்கூட அப்படித்தான் கூப்பிட்டான். அதில் ஒரு தப்பும் இல்லை. கோணலாக எதையாவது பார்த்தால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

அந்த வருடம் அவள் அடிக்கடி கதவு பிடிக்க வேண்டி வந்தது. லேபிள் ஒட்டுகிற பெண்ணுக்கு ஏழு மாதம். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து, கோணலக்காவைப் பார்த்துக் கண்ணால் கேட்பாள். இவளும் எழுந்து போவாள். இவள் போய் வருவதற்குள் கோணல் மூடிகள் தைரியமாக டப்பாவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் மேனேஜரிடம் போனாள்.

"தாழ்ப்பாள் போடறதுல எங்களுக்கு ஆட்சேபணையே இல்லம்மா," என்றார் அவர். "ஆனா கோரிக்கை சங்கம் மூலமா வரணும். சங்கத்தை மீறி நாங்க நல்லது செஞ்சா அது தொழிலாளர் விரோதப் போக்கு."

சங்கத் தலைவர் தன் அறையில் ஃபேனுக்குக் கீழே சோபாவில் சாய்ந்திருந்தார். பதினோரு வருடமாக அந்தச் சோபாவில்தான் போராடிக்கொண்டிருந்தார்.

"நியாயமான கோரிக்கை," என்றார். "பொதுக்குழுவுல தீர்மானம் போட்டா முடிஞ்சுது."

"அப்ப போடுங்களேன்."

"பொதுக்குழுவுக்குச் சாதாரண உறுப்பினர் அம்பது பேர் வரணுமே. போன தடவை நானும் செயலாளரும் வந்தோம். மூணாவதா ஒருத்தர் வந்தார். மழைக்கு ஒதுங்கினவராம். மழை விட்டதும் போயிட்டார்."

அதோடு விஷயம் முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வாரமே தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. 'உறுப்பினர் ஈடுபாடு அறவே இல்லாத கிளைகள் கலைக்கப்பட்டு, பக்கத்துக் கிளையுடன் இணைக்கப்படும் என்பது இதன்மூலம் அறிவிக்கப்படுகிறது.' கிளை கலைந்தால் தலைவர் பதவி போகும். பதவி போனால் சோபா போகும். தலைவர் அன்றுதான் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சுற்றறிக்கைக்குப் பின்னாலேயே ஈடுபாட்டு அதிகாரி என்று ஒருவர் வந்து இறங்கினார். கையில் லேப்டாப், பை நிறைய பலூன். அந்தக் காலத்தில் எங்கே பார்த்தாலும் ஈடுபாடுதான் பேச்சு. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஈடுபாடு, பேங்கில் வாடிக்கையாளர் ஈடுபாடு, கோணலக்கா குடியிருந்த தெருவில்கூடக் குப்பை எடுக்காமல் 'குடியிருப்போர் ஈடுபாட்டு வாரம்' என்று பலகை வைத்திருந்தார்கள். அதிகாரி கிளையின் எண்பத்து நாலு உறுப்பினர்களையும் வட்டமாக நிற்க வைத்து ஆளுக்கொரு பலூனைக் கொடுத்து ஊதச் சொன்னார்.

"ஊதும்போது உங்க மனசுல இருக்கிற குறையெல்லாம் இதுக்குள்ள போறதா நெனச்சுக்குங்க. இப்ப விட்டுடுங்க!"

பலூன்கள் புர்ரென்று பறந்து விழுந்தன. "குறைகள் கேட்டறியப்பட்டன" என்று அவர் லேப்டாப்பில் குறித்துக்கொண்டார்.

பிறகு தலைவரைத் தனியே அழைத்து ரகசியத்தைச் சொன்னார். "மனுஷன் ஏன் கூட்டத்துக்கு வரமாட்டேங்கறான்? பதவி இல்லாததால. எல்லாருக்கும் ஒரு பதவி கொடுங்க. அப்புறம் பாருங்க ஈடுபாட்டை."

மறுநாளே பேட்ஜ்கள் அச்சாகி வந்தன. துணைத் தலைவர் பன்னிரண்டு பேர், இணைச் செயலாளர் இருபது பேர், தேநீர் இடைவேளைப் பொறுப்பாளர், கிழக்கு ஜன்னல் அமைப்பாளர், மேற்கு ஜன்னல் அமைப்பாளர், இரண்டு ஜன்னல்களுக்கும் இடையே ஒருங்கிணைப்பாளர். பொருள் என்னவென்று யாருக்கும் தெரியாத 'கொள்கை பரப்புத் துணை நிலைச் செயலாளர்' பேட்ஜுக்குத்தான் பெரிய அடிதடி.

அடிதடி நடந்த நேரத்தில் கோணலக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். லேபிள்காரி வெளியே வந்து, இரண்டு பேரும் போய்ப் பார்த்தபோது தட்டில் ஒரே ஒரு பேட்ஜ் மிச்சம். எண்பத்து நாலாவது பேட்ஜில் ஊக்கு உடைந்துவிட்டதாம்.

"நீ குத்திக்கோ," என்றாள் கோணலக்கா.

"உங்களுக்குக்கா?"

"எனக்கு எதுக்கு? நான் குனிஞ்சு நிமிர்ந்து வேலை செய்யறவ. குத்தும்."

இப்படியாக லேபிள்காரி பதினேழாவது இணைச் செயலாளர் ஆனாள். கோணலக்கா அந்தச் சங்கத்தின் ஒரே சாதாரண உறுப்பினர் ஆனாள்.

வில்லங்கம் விதிப் புத்தகத்தில் இருந்தது. புதிய பதவிகளை ஒரு மாதத்துக்குள் தேர்தல் வைத்து உறுதி செய்ய வேண்டும். விதி பதினேழின்படி, பதவியில் இருப்பவரும் போட்டியிடுபவரும் ஓட்டுப் போடக் கூடாது. தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வதைத் தடுக்க எந்த மகானோ எழுதியது. தலைவர் வாக்காளர் பட்டியலைத் தயாரித்தார். ஒரு வரியில் முடிந்துவிட்டது.

"யாராவது பேட்ஜைக் கழட்டிக் கொடுத்தா வாக்காளர் ரெண்டு பேர் ஆவாங்க," என்று கூட்டத்தில் கெஞ்சிப் பார்த்தார். எண்பத்து மூன்று கைகள் எண்பத்து மூன்று நெஞ்சுகளை இறுகப் பொத்திக்கொண்டன.

"ஒரு வாக்காளர் போதுமா சார்?" என்று அதிகாரியிடம் கேட்டார்.

"எண்ணிக்கையா முக்கியம்? சதவீதம்தான் முக்கியம். ஒண்ணுக்கு ஒண்ணு போட்டா நூறு."

பேட்ஜ் குத்திப் பார்த்த நெஞ்சு சும்மா இருக்குமா? கிழக்கு ஜன்னலோடு நிற்க யாருக்கும் மனமில்லை. எண்பத்து மூன்று பேரும் தலைவர் பதவிக்கே மனுப் போட்டார்கள். லேபிள்காரி பெயரையும் பக்கத்து மெஷின்காரிகள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சுவரெல்லாம் போஸ்டர். 'வாக்காளப் பெருமக்களே, அலை அலையாகத் திரண்டு வாரீர்!' கோணலக்கா சாப்பாட்டு டப்பாவோடு அலை அலையாகத் திரண்டு அதைக் கடந்து போவாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் பின்னாலேயே ஊர்வலம் வந்தது. பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடிக்க ஆறு பேர் ஆறு சீட்டில் உட்கார்ந்து, கடைசியில் அவள் நின்றுகொண்டே வீடு போனாள்.

"எட்டு மணி நேர வேலையை ஆறாக்குவேன்!" என்றார் மூடிக்கு ரப்பர் வைப்பவர்.

"ஆறை நாலாக்குவேன்!" என்றார் பெட்டி அடுக்குபவர்.

"தாழ்ப்பாள்," என்றாள் கோணலக்கா.

"அது சின்ன விஷயம்க்கா. ஜெயிச்சதும் முதல் கையெழுத்து அதுதான்."

"இப்பவே போட்டா என்ன?"

பெட்டி அடுக்குபவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வாக்காளருக்கு வசதி செஞ்சு கொடுத்தா அது லஞ்சம்க்கா. நடத்தை விதி இருக்கு."

இதைக் கேட்ட அதிகாரிக்குப் பொறி தட்டியது. அன்று மாலையே அறிவிப்புப் பலகையில் புதிய ஆணை ஒட்டப்பட்டது. வேட்பாளர் எவரும் வாக்காளருக்காகக் கதவு பிடிக்கக் கூடாது. அது வாக்காளரைக் கவரும் செயல். வாக்காளரும் எந்த வேட்பாளருக்காகவும் கதவு பிடிக்கக் கூடாது. அது வாக்கின் ரகசியத்தைக் கெடுக்கும் செயல்.

மறுநாள் காலை லேபிள்காரி வழக்கம்போலக் கண்ணால் கேட்டாள். கோணலக்கா எழுந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் அதிகாரி வந்து நின்றார்.

"சார், இவ வயித்துல புள்ளையோட நிக்கறா."

"எனக்குத் தெரியுதும்மா. விதிக்குத் தெரியலையே."

மற்றப் பெண்கள் பிடிக்கலாமே என்றால், அவர்கள் அவளுக்கு எதிராகப் போட்டியிடுபவர்கள். எதிரணி வேட்பாளரிடம் கதவை நம்பி ஒப்படைப்பதா என்று அவளுடைய ஆதரவாளர்களே தடுத்தார்கள். அந்தப் பெண் வெயிலில் இரண்டு தெரு நடந்து, தெரியாதவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வந்தாள். வந்தவள் முகத்தைப் பார்த்ததும் கோணலக்கா எழுந்தாள். பெல்ட் ஓட ஓட விட்டுவிட்டு நேரே சங்க அறைக்குப் போனாள்.

"தாழ்ப்பாள் போடாம நான் ஓட்டுப் போட மாட்டேன்."

ஒன்றுக்குச் சைபர் என்றால் சைபர் சதவீதம். தலைவர் சோபாவைத் தடவிப் பார்த்தார்.

"அம்மா, தேர்தலைப் புறக்கணிக்கறது ஜனநாயகத்துக்கே..."

"ஜனநாயகம் வேணும்னா இந்தா," என்று பெல்ட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கோணல் மூடியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

அன்று வீட்டில் புருஷன் சொன்னான், "நீ ஓட்டுப் போடலைன்னா சங்கத்தைக் கலைச்சிருவாங்க. அப்புறம் அந்தப் பொண்ணுக்குப் பிரசவ லீவு கேக்கக்கூட நாதியிருக்காது. போட்டுடு. ஆனா உனக்குப் பிடிச்சதுக்குப் போடு."

பிடிச்சவருக்கு என்று சொல்ல வந்தவன் வாய் தவறிப் பிடிச்சதுக்கு என்றான். கோணலக்கா அதைப் பிடித்துக்கொண்டாள்.

தேர்தல் நாளன்று வாக்குச்சீட்டை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். எண்பத்து மூன்று பெயர், அத்தனைக்கும் சின்னம். கடைசி வரியில், தலைமையகப் படிவத்தில் உள்ளபடி, 'மேற்கண்டவர் அல்லாத வேறொருவர்' என்று ஒரு கோடு. கோணலக்கா மறைப்புக்குப் பின்னால் போனாள், வந்தாள். பெட்டி சீல் வைக்கப்பட்டது. உடைக்கப்பட்டது. எண்ணிக்கை தொடங்கி முடிந்தது.

கோட்டின்மேல் கொட்டை எழுத்தில் 'தாழ்ப்பாள்' என்றிருந்தது.

"செல்லாது!" என்றார் தலைவர்.

"பொறுங்க," என்றார் அதிகாரி. விதிப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு தகுதியாகப் பார்த்தார். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானதில்லை. நிர்வாகத்துக்கு உறவில்லை. வேறு சங்கத்தில் இருந்ததில்லை. "உயிரோட இருக்கணும்னு எங்கேயும் போடலையே."

வேட்பாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தான் தோற்றது பெரிதாக வலிக்கவில்லை. பக்கத்தில் நிற்பவனும் தோற்றிருந்தான். கைதட்டல் கூரையைப் பிளந்தது. நூறு சதவீத வாக்குப்பதிவில் நூறு சதவீத வாக்குகள் பெற்று, கிளையின் வரலாறு காணாத வெற்றியுடன் தாழ்ப்பாள் தலைவர் ஆனார்.

கடையிலிருந்து ஆறு அங்குலத்தில் நல்ல எஃகுத் தாழ்ப்பாளாக வாங்கி வந்தார்கள். கோணலக்கா கதவருகே போய் நின்றுகொண்டாள். ஊர்வலம் கதவைத் தாண்டிச் சங்க அறைக்குள் போய்விட்டது.

"எங்க போறீங்க? கதவு இங்க இருக்கு!"

"என்னக்கா பேசறீங்க," என்றார் பழைய தலைவர், இப்போது புதிய தலைவரின் அந்தரங்கச் செயலாளர். "தலைவரைக் கொண்டுபோய்க் கக்கூஸ் கதவுல அறையறதா? பதவிக்கு ஒரு மரியாதை வேணாமா?"

தலைவர் சோபாவில், வெல்வெட் துணிமேல் வைக்கப்பட்டார். உறுப்பினர்கள் வரிசையாக வந்து வாழ்த்தினார்கள். இதுவரை வந்த தலைவர்களிலேயே இவர்தான் எரிந்து விழாதவர், சொன்ன வாக்கை மாற்றாதவர் என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு மூன்று பேர் கண்கலங்கினார்கள்.

நாலு நாள் பொறுத்தாள் கோணலக்கா. ஐந்தாம் நாள் மதிய சாப்பாட்டு நேரத்தில் மெக்கானிக்கிடம் ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கினாள். சங்க அறையில் யாருமில்லை. தலைவரை முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்து, நாலு திருகு வைத்து, கதவில் இறுக முடுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்தியது. பதினேழு வருடத்தில் கோணலில்லாமல் ஒரு காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

களேபரம் ஆனது. கழற்றலாம் என்றால், தேர்ந்தெடுத்த தலைவரை இடமாற்றம் செய்யப் பொதுக்குழு வேண்டும். பொதுக்குழுவுக்குச் சாதாரண உறுப்பினர் ஐம்பது பேர் வேண்டும். இருந்ததோ ஒருத்தி. ஆகவே தலைவரை அசைக்க முடியாது. தலைவர் எங்கே இருக்கிறாரோ அதுதான் தலைவர் அறை. சோபா அங்கே போனது. ஃபேன் போனது. வாசலில் மேஜை போட்டு அந்தரங்கச் செயலாளர் உட்கார்ந்தார். தலைவரைச் சந்திக்க வருவோர் காரணத்தை எழுதிக் கொடுத்து டோக்கன் பெற்று வரிசையில் வரவும்.

திங்கட்கிழமை காலை நாற்பது பெண்கள் டோக்கனோடு வரிசையில் நின்றார்கள். முப்பத்தெட்டாவதாக லேபிள்காரி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "அக்கா, முடியலக்கா," என்றாள்.

கோணலக்கா அவள் கையைப் பிடித்து வரிசையைக் கடந்து கூட்டிப் போனாள். மேஜையை இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளி, அவளை உள்ளே விட்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. ஆறு வருடத்தில் அந்தக் கதவில் முதல் தடவை. கோணலக்கா நாலு பேர் வாழ்த்துவார்கள் என்று நினைத்துத் திரும்பினாள்.

"அதெப்படி முப்பத்தெட்டாம் நம்பர் முதல்ல போகலாம்?" என்றாள் முன்னால் நின்றவள்.

"நாங்கெல்லாம் பைத்தியக்காரிகளா? எழுதிக் கொடுத்துட்டு நிக்கறோமே!" என்றாள் அடுத்தவள்.

"வாக்காளருன்னா கொம்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆறு வருடம் மாற்றி மாற்றிக் கதவு பிடித்த முப்பத்தொன்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அதிகாரி ஓரமாக நின்று தலைகளை எண்ணி லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். காலை எட்டு மணிக்கே தலைவர் அறை வாசலில் இத்தனை உறுப்பினர்கள், இத்தனை ஆவேசம். இப்படி ஒரு ஈடுபாட்டைத் தலைமையகம் எந்தக் கிளையிலும் பார்த்ததில்லை.

கோணலக்காவும் காலையிலிருந்து போகவில்லை. கொஞ்ச நேரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். பிறகு மேஜையை அவளே பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டாள்.

"காரணம்?" என்றார் அந்தரங்கச் செயலாளர், பேனாவைத் திறந்துகொண்டு.

"தலைவரைப் பாக்கணும்," என்றாள் அவள்.

நாற்பத்தொன்றாம் நம்பர் டோக்கனை வாங்கிக்கொண்டு கடைசியில் போய் நின்றாள்.