ஒன்பது குதிரைகளும் என் நோட்டும்

செவலைக் குதிரைக்கு மூக்கு ஒழுகுகிறது என்பது லாயக்காரருக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்தவர் விஷயத்தில் தலையிடும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஆனால் என் சமையலறை ஜன்னல் லாயத்தைப் பார்த்தபடி அமைந்துவிட்டதே, அதற்கு நான் என்ன செய்ய?

ஓடிப்போய்ச் சொன்னேன். போன கையோடு, பாவமாக இருந்ததால், அதன் மூக்கை என் கைக்குட்டையால் துடைத்தும் விட்டேன்.

கால்நடை டாக்டர் வந்து அதன் தொண்டையைத் தடவிப் பார்த்தார்.

"தொத்து வியாதி. உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மூணு வாரம் படுத்தி எடுக்கும். தனியா கட்டுங்க. சளி பட்ட எதையும் இன்னொரு குதிரைகிட்ட கொண்டு போகாதீங்க."

முதலாளி போனில் கத்தியது எங்கள் வீடு வரை கேட்டது. சரி, மதிலோரம் வந்து நின்றதால் கேட்டது.

"ஒன்பதுல அஞ்சு விழுந்துச்சுன்னா லாயத்தை மூடிடுவேன். நீ வேற வேலை பாத்துக்க!"

லாயக்காரர் குடும்பத்தோடு இருப்பது லாயத்து மாடியில். வேலை போனால் வீடும் போகும். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

முதல் வேலையாகச் செவலையைக் கடைசிக் கொட்டடிக்கு மாற்றினார். அது என் மதிலை ஒட்டியது. நோயாளி பக்கத்திலேயே வந்துவிட்ட பிறகு தினமும் விசாரிக்காமல் இருந்தால் நான் மனிதனா?

எட்டாம் நாள் கறுப்பன் என்ற குதிரைக்கு இருமல்.

லாயக்காரர் வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி வைத்தார், காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று. அதைக் கண்டு மிரண்ட மூன்று குதிரைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடின. நான்தான் முகத்தைத் தடவி, நல்ல வார்த்தை சொல்லி அழைத்து வந்தேன். என் செருப்பு புதிது என்பதால் தொட்டியைத் தாண்டிக் குதித்தேன்.

அடுத்து சாம்பல்காரி தும்மினாள்.

"யாரோ சொல்பேச்சு கேக்காம உள்ள போறாங்க அண்ணே," என்றார் லாயக்காரர். "உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது. யார் எந்தக் கொட்டடிக்குப் போறாங்கன்னு எழுதி வைங்களேன்."

இத்தனை வருடமாக ஊர் 'வம்பு' என்று சொன்ன என் திறமைக்கு முதல்முறையாக ஒரு பதவி! அன்றே நோட்டு வாங்கினேன். ஜன்னலிலிருந்து பார்த்து எழுதினால் விவரம் குறைகிறது என்று ஒரே மணி நேரத்தில் புரிந்துவிட்டது. உள்ளேயே போய்விட்டேன்.

'லாடம் அடிப்பவர். கறுப்பன். இருபது நிமிடம். கை கழுவவில்லை.'

'புல்லுக்காரம்மா. சாம்பல்காரி. புல்லுக்கட்டை இறக்கிவிட்டுக் கொட்டாவி விட்டார்.'

'லாயக்காரர் மனைவி. செவலை. பெருமூச்சு மட்டும்.'

ஆள் வராத நேரத்தில் குதிரைகளோடு பேசிக்கொண்டிருந்தேன். மூக்கு ஒழுகினால் துடைத்துவிட்டேன். சம்பளமா கேட்டேன்?

பத்து நாளில் வெள்ளையன் விழுந்தான். அதற்கு மறுநாள் சுட்டிக்காரி. ஐந்து.

லாயக்காரர் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். மேலே அவர் மனைவி பாத்திரங்களைப் பெட்டியில் போடும் சத்தம் கேட்டது. டாக்டர் எல்லாரையும் வாசலில் கூட்டினார்.

"பரப்புறது யாருன்னு தெரிஞ்சாப் போதும், மூட வேண்டாம்னு முதலாளிகிட்ட நானே பேசுறேன். எங்க அந்த நோட்டு?"

பெருமையோடு நீட்டினேன். டாக்டர் முப்பத்தாறு பக்கத்தையும் புரட்டினார்.

"லாடக்காரர் ரெண்டு கொட்டடிக்குத்தான் போயிருக்கார். புல்லுக்காரம்மா மூணு. லாயக்காரர் வீட்டம்மா ஒண்ணு. லாயக்காரர் நாலுதான், சுட்டிக்காரிக்கு வெளிய நின்னேதான் தீனி போட்டிருக்கார். அஞ்சுலயும் இருந்த ஆள் யாருமே இல்லையே?"

"ஒருத்தரையாவது விட்டிருப்பேனா டாக்டர்?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். "ஒவ்வொரு கொட்டடியிலயும் நானே உள்ள நின்னு, கண்ணால பாத்து எழுதினது!"

புல்லுக்காரம்மா தலையிலிருந்த கட்டைக் கீழே போட்டார்.

"அப்புறம் என்ன டாக்டர், அஞ்சுலயும் நின்ன ஆளு அவர் வாயாலேயே சொல்லிட்டாரே!"