அழியாத மையும் இருபத்திரண்டு ஜோடிக் கைகளும்

பாசமுள்ள அக்காவுக்கு, தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கே அனைவரும் சௌக்கியம். அங்கே உன் மகளும் புதுப்பேரனும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் போகும் அவசரத்தில் குழந்தைகள் காப்பகத்தின் சாவியை என் கையில் திணித்துவிட்டு ஓடினாயே, மறுநாளே இருபத்திரண்டு பிள்ளைகளில் ஒன்பதுதான் வந்தது. மற்றதெல்லாம் வயிற்றுப்போக்கு. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் பிள்ளைகளை வேறு இடத்தில் சேர்த்துவிடுவதாகத் தாய்மார்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். டாக்டரம்மாவிடம் ஓடினேன். சாப்பிடுவதற்கு முன்னும் கழிப்பறைக்குப் போய் வந்த பின்னும் சோப்புப் போட்டு, நிதானமாக இருபது வரை எண்ணிக் கை கழுவ வேண்டும், வேறு மந்திரம் கிடையாது என்றார். நீ ஒட்டிவைத்த படம் சுவரில் தொங்குகிறதே தவிர, பிள்ளைகள் விரல் நுனியை நனைத்துவிட்டு ஓடுகிறார்கள். முப்பது வருஷம் பிளாஸ்டிக் சாமான் விற்றவன் நான், விளம்பரத்தை நம்பிக் கடை நடத்த முடியுமா? குழாய் எட்டவில்லை என்று கண்டுபிடித்து, கடையிலிருந்து பெட்டிகளைக் கொண்டுவந்து கவிழ்த்துப் படி போட்டேன். அப்புறம் டீச்சரம்மா ஒரு யோசனை சொன்னார். காலையில் புறங்கையில் ஒரு முத்திரை குத்த வேண்டும், மதியத்துக்குள் அது அழிந்தால் ஒழுங்காகக் கழுவியதாக அர்த்தம். புதிதாக வாங்குவானேன், கடையில்தான் முத்திரையும் மையும் இருக்கிறதே என்று வரிசையாகக் குத்திவிட்டேன்.

அது லாரியில் மழையில் நனைந்து போகிற அட்டைப்பெட்டிக்கான அழியாத மை என்பது பதினோரு மணிக்குத்தான் உறைத்தது. அதற்குள் பிள்ளைகள் தேய்க்கிறார்கள், தேய்க்கிறார்கள், சோப்பு ஓடாகத் தேய்ந்து, மேல்தொட்டி காலியாகிவிட்டது. அந்த வாயாடிக் குட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மாமா, உங்க சோப்பு சரியில்ல, வேற குடுங்க" என்கிறாள். சாயங்காலம் ஒரு தகப்பன் மகன் கையை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'ன்னு குத்தியிருக்கீங்களே, நாளைக்கு இவன நான் எங்க கொண்டுபோய் விடறது?"

கோபமாகத்தான் கேட்டார், ஆனால் கேட்டு முடிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா பார்த்து, தோலுக்கு ஒன்றும் ஆகாது, இனி இந்த வேலை வேண்டாம் என்று ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்தார். ஆனால் அக்கா, சரக்கு என்றால் இப்படி நகர வேண்டும். வீட்டிலும் விடாமல் தேய்த்திருக்கிறார்கள், அப்பா அம்மாவையும் இழுத்து நிறுத்திக் கழுவ வைத்திருக்கிறார்கள். மை அழிய ஐந்து நாள் ஆனது, அதற்குள் பழக்கம் படிந்துவிட்டது. நான் மறந்தாலும் அதுகள் மறப்பதில்லை, இருபது வரை எண்ணாமல் எவனாவது குழாயை விட்டு நகர்ந்தால் பின்னால் நிற்கிறவன் விடுவதில்லை. இன்று இருபத்திரண்டு பேரும் ஆஜர், ஒருவருக்கும் வயிற்றுக் கோளாறு இல்லை. நீ அடித்துப்பிடித்து வர வேண்டாம், ஒரு மாதம் பேரனைக் கொஞ்சிவிட்டு வா, உன் காப்பகத்தை நான் தூக்கி நிறுத்திவிட்டேன்.

மாமாவுக்கு என் வணக்கம், உன் மகளுக்கு ஆசி, பேரனுக்கு உள்ளங்காலில் ஒரு முத்தம்.

அன்புத் தம்பி

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு ராத்திரி போய்விட்டது. இதைக் கண்டதும் அடுத்த வண்டியைப் பிடி. டீச்சரம்மா, ஆயா, நான் மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளைகள் கழுவுகிறார்களா என்று காவல் காத்ததில் நாங்கள் ஒருவரும் கழுவவில்லையாம். இருபத்திரண்டு பேரும் சுத்தமான கையோடு வந்துவிட்டார்கள், பார்த்துக்கொள்ளத்தான் பெரியவர்கள் யாரும் இல்லை.